பாப்பாவுக்கு வயித்துவலின்னு 7 மாசம் அலைஞ்சோம்

போன ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில மாங்கன்னு வித்துக்கிட்டு இருந்தப்ப ரொம்ப வருசமா பழக்கமான ஒரு அண்ணன் வந்தாரு. செந்தூரா ஒட்டுக்கன்னு 10 வேணும்னு வெல பேசி, காசும் குடுத்துட்டு, போகாம அங்கயே நின்னுக்கிட்டு இருந்தாரு. கூட்டம் கொஞ்சம் கலைஞ்சதும் கிட்ட வந்து, "உம் பொண்ண எந்த டாக்டர்கிட்ட காட்டினே, எங்க பையன் ரூம விட்டே வெளிய வர்றதில்லப்பா, சாப்பாட்டைக் கொண்டுபோயி கதவுக்கிட்ட வெக்கறோம்"னு மெதுவா கேட்டாரு. கேக்கறப்பவே கண்ணு கலங்கிடுச்சி அவருக்கு. சந்தையில நின்னபடி 10 நிமிசம்தான் பேச முடிஞ்சது, அதுக்குள்ள பஸ் வந்துடுச்சின்னு போயிட்டாரு. வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தா சொல்ல வேண்டியதுல பாதி கூட சொல்லல. அந்த அண்ணனுக்காகவும் அவர மாதிரி புள்ளைங்களுக்கு மனசு சரியில்லன்னா எங்க போறது, யாரைக் கேக்கறதுன்னு தெரியாம சுத்திக்கிட்டு இருக்கற நம்ம கிருஷ்ணகிரி தருமபுரி ஆளுங்களுக்காகவும்தான் இத எழுதறேன். பாப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், அவ படிச்சுட்டு ரெண்டு வரி வேணாம்னா, எடுத்துட்டேன்.

எங்களுக்கு மா நர்சரி. சந்தூர் பக்கம் நெறைய பேருக்கு இதுதான் தொழில். பாப்பா 10வதுல நல்ல மார்க் எடுத்தா. ஊரே பேசிச்சி. அந்த சந்தோசத்துல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் ஸ்கூல் ஹாஸ்டல்ல ப்ளஸ் ஒன் சேத்தோம், நல்லா படிப்பாங்க, நீட்டுக்கும் சேத்து கோச்சிங் குடுப்பாங்கன்னு. காலைல நாலரைக்கு எழுப்பி ராத்திரி பத்தரை வரைக்கும் படிப்பு. மாசத்துக்கு ஒரு தடவதான் வீட்டுக்கு அனுப்புவாங்க, வாரத்துல ஒரு நாள் 5 நிமிசம் போன். ஆகஸ்ட்டுல ஆரம்பிச்சது வயித்துவலி. லீவு முடிஞ்சி கெளம்பற நாள் காலைல புள்ள சுருண்டு படுத்துக்குவா, வாந்தி எடுப்பா, கை ஜில்லுனு இருக்கும். ஹாஸ்டல்லயும் அதே மாதிரின்னு வார்டன் போன் பண்ணுவாங்க. கூட்டிக்கிட்டு வந்து ரெண்டு நாள் வீட்டுல வெச்சிருந்தா சரியாயிடும், திரும்ப அனுப்பினா திரும்ப வரும்.

நாங்க பண்ணாத வைத்தியம் இல்ல. ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் மூணு எடத்துல பாத்தோம், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வாய் வழியா ட்யூப் விட்டு எண்டோஸ்கோப்பி கூட பண்ணாங்க. எல்லாம் நார்மல். ஒவ்வொரு தடவ நார்மல்னு வர்றப்பவும் எனக்கு கோவம்தான் வந்துச்சி, அப்ப எதுக்குடி நடிக்கறேன்னு ஒரு நாள் பாப்பாவ கேட்டுட்டேன். அந்த வார்த்தைய நான் கேட்டிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் அவ வலிக்குதுன்னு சொல்றதையே நிறுத்திட்டா, பேச்சும் நின்னுடுச்சி, சோத்துல ரெண்டு வாயோட எழுந்துடுவா, ராத்திரியில முழிச்சிக்கிட்டே ஒக்காந்திருப்பா. எங்கம்மா கண்ணு பட்டுடுச்சின்னு சுத்திப் போட்டாங்க. அப்புறம் காத்து கருப்புன்னு ஒரு எடத்துல குறி கேட்டு மந்திரிச்சி கயிறு கட்டிக்கிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரி செலவு மட்டும் 38,000 ரூபா ஆச்சி, பொங்கலும் வந்துடுச்சி, பாப்பா இன்னும் அப்படியேதான் இருந்தா.

எங்க ஊருக்கு வர்ற நர்சம்மாதான் வழி காட்டினாங்க. எங்கம்மாவுக்கு சுகர் மாத்திரை குடுக்க வந்தவங்க, பாப்பா திண்ணையில ஒக்காந்திருந்ததைப் பாத்துட்டு பக்கத்துல போயி ஒக்காந்து என்னமோ பேசினாங்க. எழுந்து வந்து எங்க வீட்டம்மாகிட்ட, "ஜிஎச்சுல மனநலப் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு வாங்கறப்ப அதுக்குன்னு கேட்டு வாங்குங்க, பயப்படாதீங்க, இந்த வயசுப் புள்ளைங்க நெறைய பேரு வராங்க"ன்னாங்க. எங்க வீட்டம்மா அழுதுட்டா. எனக்கு சுருக்குனு இருந்துச்சி. எம் பொண்ணு என்ன பைத்தியமான்னுதான் மொதல்ல தோணிச்சி. ஒரு வாரம் போட்டு ஒழப்பிக்கிட்டே இருந்தேன். அந்த ஒரு வாரத்தையும் சேத்துத்தான் 7 மாசம்னு சொல்றேன். அந்த மனநலப் பிரிவு இருந்த ஆஸ்பத்திரிக்கு அதுக்கு முன்னாடி காய்ச்சல், நாய்க்கடின்னு எத்தன தடவ போயிருப்போம், அந்த போர்டை ஒரு தடவ கூட படிச்சதில்ல.

உள்ள போனதும் டாக்டரம்மா பாப்பாவ மட்டும் இருக்கச் சொல்லிட்டு எங்கள வெளிய ஒக்கார வெச்சாங்க. அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சி. அப்புறம் எங்கள தனியா கூப்பிட்டாங்க. மொதல்ல சொன்னதே, "உங்க பொண்ணுக்கு வலி நெஜமாத்தான் வருது, பொய் சொல்லல"ன்னாங்க. பயம் வந்தா வயித்த கலக்குதுன்னு சொல்றோம்ல, வயித்துல புளியக் கரைச்ச மாதிரி இருக்குன்னு சொல்றோம்ல, அது பேச்சுக்குச் சொல்றதில்ல, மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியா தொடர்பு இருக்கு, மனசுல பதட்டம் ஏறினா குடல் இறுக்கிப் பிடிக்கும், சின்னப் புள்ளைங்களுக்கும் வயசுப் புள்ளைங்களுக்கும் மனசுல இருக்கறது பெரும்பாலும் ஒடம்பு வழியாத்தான் வெளிய வரும், வயித்துவலி, தலைவலி, மயக்கம்னு. பதட்ட நோயும் அதோட மனச்சோர்வும் சேந்து இருக்குன்னு சொன்னாங்க. மனநோய்ங்கள்ல பாதி 14 வயசுக்குள்ளயே ஆரம்பிக்குதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதாம். நம்ம நாட்டுல 2015-16ல ஒரு பெரிய சர்வே எடுத்திருக்காங்க, தமிழ்நாடும் அதுல உண்டு, 13லேர்ந்து 17 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்கள்ல நூத்துல 7 பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்குன்னு வந்திருக்கு. ஒரு கிளாசுல 40 பேருன்னா அதுல மூணு பேரு. எம் பொண்ணு அந்த மூணுல ஒருத்தி, அவ்ளோதான். இத கேட்டதும் நெஞ்சுல இருந்த பாதி பாரம் எறங்கிடுச்சி எனக்கு.

இப்ப எங்க போறதுன்னு சொல்றேன். தருமபுரியில 2008லேர்ந்து மெடிக்கல் காலேஜ் இருக்கு, கிருஷ்ணகிரியில 2022 ஜனவரியில தொறந்தாங்க, ரெண்டுலயும் மனநலப் பிரிவு இருக்கு. சீட்டு வாங்கற எடத்துல மனநலம்னு வாய் தொறந்து கேக்கணும், வயித்துவலின்னு மட்டும் சொன்னா வயித்து டாக்டர்கிட்டதான் அனுப்புவாங்க. காலைலயே போயிடுங்க, மத்தியானம் போனா ஓபி முடிஞ்சிருக்கும். இது இல்லாம மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு எல்லா மாவட்டத்துலயும் இருக்கு. அதுல மனநல டாக்டர், சைக்காலஜிஸ்ட், சோசியல் வொர்க்கர், நர்சுன்னு ஒரு டீம், இவங்க தாலுகா ஆஸ்பத்திரிங்களுக்கும் குறிப்பிட்ட நாள்ல வருவாங்க. அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கறவங்க மாவட்டத் தலைநகரம் வரைக்கும் வர முடியலன்னா உங்க தாலுகா ஜிஎச்சுல மனநல டாக்டர் என்னைக்கு வராங்கன்னு கேட்டு வெச்சுக்கங்க. மாத்திரை இலவசம். எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் பஸ் காசு தவிர ஒரு பைசா செலவில்ல.

ஓசூர், தளி, அஞ்செட்டி பக்கத்து ஆளுங்க பெங்களூர்ல இருக்கற நிம்ஹான்ஸ்ங்கற பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு போவாங்க, அது ஓசூர் ரோட்டுலயே இருக்கு, சின்னப் புள்ளைங்களுக்கும் வயசுப் புள்ளைங்களுக்கும்னு தனிப் பிரிவே அங்க உண்டு. நம்ம பக்கம் ஆளுங்களுக்கு பெருசா எது இருந்தாலும் பெங்களூருதான் ஞாபகம் வரும். ஆனா நான் கத்துக்கிட்டது, மொதல்ல பக்கத்துல இருக்கற ஜிஎச்சு. ஏன்னா இது ஒரு தடவ போயி ஊசி போட்டுக்கிட்டு வர்ற சமாச்சாரம் இல்ல, மொதல்ல வாராவாரம், அப்புறம் 15 நாளைக்கு ஒரு தடவ, அப்புறம் மாசாமாசம்னு போயிக்கிட்டே இருக்கணும், பெங்களூருக்கு அப்படி எத்தன நாள் வேலைய விட்டுட்டு போக முடியும். அங்க அனுப்ப வேண்டிய கேசுன்னா டாக்டரே எழுதிக் குடுப்பாங்க.

யாருகிட்ட போறோம்னு தெரிஞ்சுக்கறதும் முக்கியம், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாம இருந்துச்சி. சைக்கியாட்ரிஸ்டுன்னா எம்பிபிஎஸ் முடிச்சி அதுக்கு மேல மனநலம் படிச்ச டாக்டரு, மாத்திரை எழுதறது அவங்கதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டு மாத்திரை எழுத மாட்டாங்க, பேசிப் பேசி, பயிற்சி குடுத்து சரி பண்றவங்க, அவங்களுக்கு ஆர்சிஐன்னு மத்திய அரசு கவுன்சில்ல பதிவு நம்பர் இருக்கும், தனியார்கிட்ட போனா அத கேக்கலாம், கேட்டா தப்பா நெனைக்க மாட்டாங்க, நெனைச்சா வேற ஆளப் பாத்துக்கலாம். கவுன்சிலருன்னு போர்டு மட்டும் யாரு வேணாலும் மாட்டிக்கறாங்க. ரெண்டு நாள் கிளாஸ்ல புள்ளைய மாத்திக் காட்டறேன்னு எங்ககிட்டயும் ஒருத்தரு 12,000 கேட்டாரு. 48 நாள் ஒரு எடத்துல கொண்டுபோயி தங்க வெச்சா பேய் எறங்கிடும்னு சொந்தக்காரங்களே வந்து சொன்னாங்க, அங்க கட்டித்தான் வெப்பாங்கன்னும் சொன்னாங்க. 2001ல ஏர்வாடியில மனநலம் சரியில்லாதவங்கன்னு சங்கிலியில கட்டிப் போட்டிருந்தவங்க தீயில மாட்டி 28 பேரு செத்துப் போனாங்க, ஓட முடியாம. அந்தச் செய்தி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. 2017 மனநலச் சட்டத்துல யாரையும் எந்த வகையிலயும் சங்கிலியில கட்டவே கூடாதுன்னு எழுதியிருக்கு. அன்னைக்கு அவங்கள வீட்டுல ஒக்கார வெச்சி காபி குடுத்து, எம் பொண்ண அனுப்ப மாட்டேன்னு சொல்லி அனுப்பினேன். எங்கம்மாவுக்கு வருத்தம்தான். டாக்டரம்மாகிட்ட கேட்டப்ப, "பாட்டி கயிறு கட்டட்டும், கோயிலுக்கும் போங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க"ன்னாங்க. அதக் கேட்டப்புறம் எங்கம்மாவே காலைல மாத்திரைய எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சாங்க.

மாத்திரையப் பத்தி ஒரு விசயம் சொல்லியே ஆகணும். போட்ட ரெண்டு நாள்ல குணமாகாது. ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும் வேலை செய்ய, மொதல் வாரம் கொமட்டல் இருக்கும். இந்த வயசுப் புள்ளைங்களுக்கு ஆரம்பிச்ச மொதல் சில வாரம் சிலருக்கு படபடப்பு, தப்பான எண்ணம் கூடலாம், அதனால கூடவே இருந்து கவனிங்க, ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா உடனே வாங்கன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நாங்க என்ன பண்ணோம், ஒரு மாசம் கழிச்சி புள்ள நல்லா சிரிக்க ஆரம்பிச்சதும், கிட்னி போயிடும்னு யாரோ சொன்னதக் கேட்டு நாங்களே நிறுத்திட்டோம். அஞ்சே நாள்ல தலைசுத்தல், எரிச்சல், தூக்கம் போச்சி, பழைய மாதிரி அழுகை. திரும்ப ஓடினோம். டாக்டரம்மா திட்டல, ஒரு பேப்பர்ல வரைஞ்சி காட்டி, எறக்கறதா இருந்தா நாங்க கொஞ்சம் கொஞ்சமா எறக்குவோம், நீங்களா நிறுத்தாதீங்கன்னு சொன்னாங்க. இது போதை மாத்திரை இல்ல, ஆயுசுக்கும் சாப்பிடணும்னும் இல்ல.

குடும்பத்தைப் பத்தி சொல்லணும், இதுதான் நான் சந்தையில சொல்ல விட்டுப்போன பெரிய விசயம். மூணாவது தடவ போனப்ப சைக்காலஜிஸ்டு மேடம் பாப்பாவ வெளிய அனுப்பிட்டு எங்க வீட்டம்மாவப் பாத்து, "நீங்க எப்ப கடைசியா நல்லா தூங்கினீங்க"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், அவ ஓன்னு அழ ஆரம்பிச்சிட்டா. நாலு மாசமா பாப்பா பக்கத்துலயே படுத்துக்கிட்டு மூச்சு விடறாளா விடறாளான்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா, எனக்கே தெரியாது. நான் கடன் வாங்கி ஃபீஸ் கட்டினத சொல்லிச் சொல்லிக் காட்டுவேன், அந்தச் சண்டையில புள்ள தன்னாலதான் வீடு இப்படி ஆச்சின்னு நெனைச்சிருக்கா. சின்னவன் 7வது படிக்கறான், அவன யாருமே கண்டுக்கல, அவனும் திடீர்னு ராத்திரியில படுக்கையில ஒண்ணுக்கு போக ஆரம்பிச்சிருந்தான். ஒரு புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு போனோம், கடைசியில நாலு பேருக்கும் சீட்டு போட வேண்டியிருந்துச்சி. எங்க வீட்டம்மாவுக்கும் அங்கயே பேச நேரம் குடுத்தாங்க. எனக்கு ஒரு வேலை குடுத்தாங்க: தினமும் 15 நிமிசம் பாப்பா என்ன பேசினாலும் கேக்கணும், பதில் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, அவ பேசலன்னா சும்மா பக்கத்துல ஒக்காந்திருக்கணும். மொதல் ஒரு வாரம் ரெண்டு பேரும் பேசாம ஒக்காந்து ஒட்டுக்கன்னுக்கு பாலித்தீன் சுத்திக்கிட்டு இருந்தோம். எட்டாவது நாளோ ஒம்பதாவது நாளோ, "அப்பா, அங்க மார்க் கொறைஞ்சா பேர மைக்குல படிப்பாங்க"ன்னு ஆரம்பிச்சா. அன்னைக்கு அரை மணி நேரம் பேசினா. எனக்கு தொண்டை அடைச்சிக்கிச்சி, ஆனா வாயத் தொறக்கல.

அப்புறம் போன் நம்பர். 14416, டெலிமானஸ்னு பேரு, 2022 அக்டோபர் 10ல ஆரம்பிச்சாங்க, தமிழ்நாட்டுல நட்புடன் உங்களோடு மனநல சேவைன்னு சொல்றாங்க. 24 மணி நேரமும் உண்டு, காசு இல்ல. பிப்ரவரியில ஒரு ராத்திரி ஒரு மணிக்கு பாப்பாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிட்டு மூச்சு முட்டுதுன்னு கத்தினா, ஹார்ட் அட்டாக்குன்னே நெனைச்சிட்டோம், கார் கூப்பிட்டா வர அரை மணி நேரம் ஆகும்னாங்க. எங்க வீட்டம்மா அந்த நம்பருக்கு போட்டா. எடுத்த பொண்ணு பதட்டமே படாம ஸ்பீக்கர்ல போடச் சொல்லி, பாப்பாவோட சேந்து மூச்ச எண்ணிச்சி, நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடுன்னு. 20 நிமிசத்துல அடங்கிடுச்சி. அப்புறம் எங்க வீட்டம்மாகிட்டயும் 10 நிமிசம் பேசி, காலைல கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு சொல்லிட்டு வெச்சிது. புள்ளைங்க மட்டும் இல்ல, பெத்தவங்களும் கூப்பிட்டு எங்களால முடியலன்னு சொல்லலாம். நம்ம மாவட்டத்துல வீட்டுல தெலுங்கு, கன்னடம் பேசறவங்க நெறைய, அந்த பாஷைங்கள்லயும் பேசுவாங்க. அரசு சுகாதார உதவி நம்பர் 104ம் இருக்கு, 12வது ரிசல்ட்டு, நீட் ரிசல்ட்டு சமயத்துல அதுலயும் புள்ளைங்களுக்கு கவுன்சிலிங் குடுக்கறாங்க. 18 வயசுக்குள்ள உள்ள புள்ளைய யாராவது அடிக்கறாங்க, தப்பா நடந்துக்கறாங்க, கல்யாணம் பண்ணி வெக்கப் பாக்கறாங்கன்னா 1098. நம்ம பக்கம் புள்ள சோந்து ஒக்காந்தா, படிக்க மாட்டேங்கறான்னா, கட்டிக் குடுத்துடு சரியாயிடும்னு சொல்ற வாய் இன்னும் இருக்கு. எனக்கும் சொன்னாங்க. 16 வயசு புள்ளைக்கு. இதப் பத்தி எழுத ஆரம்பிச்சா தனியாவே எழுதணும், இப்போதைக்கு அந்த நம்பர ஞாபகம் வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, எழுதறதுக்கு கஷ்டமாத்தான் இருக்கு, எழுதாம விட்டா தப்பு. டாக்டரம்மா ரெண்டாவது தடவையே எங்ககிட்ட, "வீட்டுல பூச்சிமருந்து எங்க இருக்கு"ன்னு கேட்டாங்க. நர்சரி வெச்சிருக்கறவன் வீட்டுல எங்க இருக்கும், மாடிப்படிக்கு அடியிலதான் கெடந்துச்சி. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்து கிராமங்கள்ல, தற்கொலைத் தடுப்பு வேலை செய்யற சினேகா அமைப்பு ஆளுங்க பூச்சிமருந்த வீட்டுல வெக்காம ஊருக்குப் பொதுவா ஒரு எடத்துல பூட்டு போட்ட பெட்டிங்கள்ல வெக்கச் செஞ்சி பாத்திருக்காங்க, தற்கொலை கொறைஞ்சிருக்கு. அந்த எண்ணம் அலை மாதிரி வரும், கொஞ்ச நேரத்துல வடியும், அந்த நேரத்துல கைக்கெட்டற தூரத்துல எதுவும் இல்லன்னா உசுரு நிக்கும்னு சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலமே எல்லாத்தையும் தோட்டத்து ஷெட்டுக்கு மாத்தி பூட்டு போட்டேன், சாவி எங்கிட்டதான். எங்கம்மாவோட மாத்திரைங்களையும் பீரோவுல வெச்சி பூட்டினோம். சாகணும்னு தோணுதான்னு புள்ளைய நேராவே கேக்கலாம், கேக்கறதால அந்த நெனைப்பு புதுசா வராது, கேட்டா சொல்லி அழுதுடுவாங்க, அதுவே நல்லதுன்னாங்க. நான் கேட்டேன். பதில இங்க எழுதல, அது பாப்பா எடுக்கச் சொன்ன வரி. அப்படி ஒரு நெலமையில புள்ளைய ஒரு நிமிசம் கூட தனியா விடாதீங்க, 108 கூப்பிடுங்க, இல்ல நேரா ஜிஎச்சு கேசுவாலிட்டிக்கு போயிடுங்க. போலீஸ் கேசாகும்னு மறைக்காதீங்க, அந்த முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்கன்னுதான் பாக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 சட்டத்துல 115வது பிரிவுல இருக்கு. சினேகாவோட நம்பர் 044-24640050, சென்னையில 1986லேர்ந்து தற்கொலைத் தடுப்புக்குன்னே நடத்தறாங்க.

ஸ்கூல் விசயத்த சுருக்கமா சொல்றேன். ஹாஸ்டல் வேணாம், வீட்டுல இருந்து போற மாதிரி பாருங்கன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்க. பழைய ஸ்கூல்ல டிசி கேட்டா மீதி ஃபீஸையும் கட்டினாத்தான் குடுப்போம்னு மூணு தடவ அலைய விட்டாங்க. ஃபீஸ் பாக்கிக்காக டிசிய நிறுத்தி வெக்கக் கூடாதுன்னு சென்னை ஐகோர்ட்டு 2024ல சொல்லியிருக்குன்னு ஒரு தெரிஞ்ச வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு, அத எழுதி லெட்டராக் குடுத்தப்புறம் குடுத்தாங்க. இப்ப பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில ப்ளஸ் ஒன் திரும்ப மொதல்லேர்ந்து படிக்கறா. ஒரு வருசம் போச்சேன்னு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல. மொதல் ரெண்டு வாரம் மத்தியானம் வரைக்கும் மட்டும் இருக்க ஹெட்மாஸ்டர் ஒத்துக்கிட்டாரு. கிளாஸ் டீச்சருக்கு மட்டும் விசயம் தெரியும், மத்தவங்களுக்குச் சொல்லணுமா வேணாமான்னு பாப்பா முடிவு பண்ணிக்கட்டும்னு விட்டுட்டோம். பள்ளிக்கூடங்கள்ல மாணவர் மனசுன்னு ஒரு பெட்டி வெச்சிருக்காங்கல்ல, புள்ளைங்க எழுதிப் போடறதுக்கு, உங்க புள்ளைங்க ஸ்கூல்ல அது இருக்கா, அத யாராவது தொறந்து படிக்கறாங்களான்னு பெத்தவங்க மீட்டிங்குல ஒரு தடவ கேளுங்க. 14417 பள்ளிக் கல்வித்துறை நம்பர், பரீட்சை பயம்னாலும் அதுல கேக்கலாம்.

முழுசா சரியாயிடுச்சான்னு கேட்டா, இல்ல. போன மாசம் கூட டெஸ்ட்டுக்கு முந்தின நாள் வயித்தப் பிடிச்சிக்கிட்டு ஒக்காந்தா. ஆனா இப்ப அவளுக்கே தெரியுது அது என்னன்னு. "வருதுப்பா, பத்து நிமிசத்துல போயிடும்"னு சொல்லிட்டு மூச்ச எண்ண ஆரம்பிச்சிடறா. ராகிக் களி ரெண்டு உருண்டை சாப்பிடறா. எங்க வீட்டம்மா தூங்கறா. நான்தான் இன்னும் ராத்திரியில ஒரு தடவ எழுந்து போயி ஷெட்டு பூட்ட இழுத்துப் பாத்துட்டு வந்து படுக்கறேன்.

அந்த அண்ணனுக்கு நேத்து போன் பண்ணேன். பையன் வர மாட்டேங்கறான், அவன எப்படி கூட்டிக்கிட்டு போறதுன்னு கேட்டாரு. பையன் வரலன்னாலும் நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போயி டாக்டர பாருங்க, எப்படிப் பேசறதுன்னு சொல்லிக் குடுப்பாங்கன்னேன். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ரிவியூ இருக்கு, நானும் அங்கதான் இருப்பேன், சீட்டு வாங்கற எடத்துல நிக்கறேன் வாங்கன்னு சொல்லியிருக்கேன்.

எழுதி முடிச்சி பாப்பாகிட்ட குடுத்தேன், மொபைல்லயே படிச்சா. ரெண்டு வரிய எடுக்கச் சொன்னா, முன்னாடியே சொன்னேன். அப்புறம் திருப்பிக் குடுக்கறப்ப, "அப்பா, எல்லாம் பெரியவங்களுக்கே எழுதியிருக்கீங்க, இத என்ன மாதிரி பசங்களும் படிப்பாங்கல்ல, அவங்களே 14416க்கு கூப்பிடலாம், அம்மா அப்பாவ கேட்டுட்டுத்தான் கூப்பிடணும்னு இல்ல, அத எழுதுங்க"ன்னா. எழுதிட்டேன்மா.